கிளிப் மாட்டிய கடைசி அத்தியாயம்

எகிப்தில் தன்தா ஊர் பம்புசெட் உரிம அலுவலகத்தில் நுழைந்து "இன்ஷிராஹ் எங்கே?" என்று கேட்டால் யாரும் விரலை நீட்டிக் காட்டமாட்டார்கள். "பிணம் கிடைச்சாச்சா இல்லையான்னு மொதல்ல விசாரிச்சுட்டுப் போங்க" என்பார்கள். கிடைத்துவிட்டது என்றால் தைரியமாகப் போகலாம். கிடைக்கவில்லை என்றால் வராந்தாவில் ஒரு டீ குடித்துவிட்டுப் போவது உத்தமம்.

அந்த அம்மாளின் மேசை இழுப்பறை எப்போதும் ஒரு சாண் திறந்தே இருக்கும். உள்ளே, உள்ளங்கை அகலத்தில் ஒரு துப்பறியும் நாவல் மல்லாந்து கிடக்கும். வலது கையில் அரசாங்கத்துக் கழுகு முத்திரை. அந்தக் கழுகு வந்து உட்காராத காகிதம் எங்கள் நாட்டில் காகிதமே இல்லை; வறுத்த விதை மடிக்கத்தான் ஆகும். மாவட்டத்து பம்புசெட்டுகள் எல்லாம் அந்தக் கையை நம்பித்தான் வாய்க்கால் தண்ணீரை இறைத்தன. கண் இழுப்பறையில், கை காகிதத்தில். ஆனாலும் கழுகு ஒருநாளும் தலைகீழாக விழுந்ததில்லை, இறக்கை மழுங்கியதில்லை.

அவரை 'அப்லா', அதாவது அக்கா, என்று கூப்பிடும் விவசாயிகளுக்கு இது பழகிப்போயிருந்தது.

"அப்லா, இந்த வாட்டி யாரு செத்தாங்க?"

"பஞ்சு வியாபாரி. போட்டோ ரெண்டு கேட்டேனே, ஒண்ணுதானே இருக்கு?"

"நல்ல மனுஷனா?"

"நல்ல மனுஷனா இருந்தா அஞ்சாம் பக்கத்துலயே சாவானா? போ, போய் இன்னொரு போட்டோ எடுத்துட்டு வா."

'நஷாத் பாஷா வழக்குகள்' என்பது அந்த வரிசையின் பெயர். மாதத்தில் ஒரு வியாழக்கிழமை கெய்ரோ ரயிலில் கட்டாக வந்து, ஸ்டேஷன் வாசலில் இருக்கும் ஷெனூதாவின் பத்திரிகைக் கடையில் இறங்கும். நஷாத் பாஷா போலீஸ் அதிகாரி. முதல் புத்தகத்தில் அவருக்கு நாற்பத்தைந்து வயது. அறுநூற்றுச் சொச்சமாவது புத்தகத்திலும் அதே நாற்பத்தைந்து. இதற்கிடையே நாட்டில் என்னென்னவோ நரைத்துவிட்டது, அவர் மீசையைத் தவிர. எழுதியவர் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார், இப்போது எழுதுவது அவருடைய மைத்துனர் என்று ஒரு வதந்தி உண்டு. மைத்துனரும் போய்விட்டார், அச்சுப்பிழை திருத்துகிறவர்தான் எழுதுகிறார் என்று வேறொன்றும் உண்டு. இன்ஷிராஹ் எதையும் காதில் வாங்குவதில்லை. "எழுதறவன் இருந்தா என்ன, போனா என்ன? பாஷா இருக்காரில்ல?" என்பார்.

ஒவ்வொரு புத்தகத்திலும் பாஷா தெருவோரம் நின்று ஈரல் சாண்ட்விச் சாப்பிடுவார். ஒவ்வொரு புத்தகத்திலும் மேலிடத்திலிருந்து ஒருவர் போன் போட்டு வழக்கை மூடச் சொல்வார். பாஷா "ஆகட்டும் ஐயா" என்று போனை வைத்துவிட்டு வழக்கை மறுபடியும் முதலிலிருந்து திறப்பார். இந்த ஒரு காட்சிக்காகவே எங்கள் ஊரில் பாதிப்பேர் அந்தப் புத்தகத்தை வாங்குகிறார்கள். ஏன் என்று நான் விளக்கப் போவதில்லை, எனக்கும் குடும்பம் இருக்கிறது. கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில் காப்பி வரும். பாஷா கோப்பையை உதடுவரை கொண்டுபோவார். நிறுத்துவார். குடிக்காமல் கீழே வைப்பார். அவ்வளவுதான், அவருக்குத் தெரிந்துவிட்டது. நமக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில் இன்ஷிராஹ் புத்தகத்தை மூடிவிடுவார்.

மற்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டுகிற அந்த இடத்தில், துணி காயப்போடும் மரக் கிளிப் ஒன்றை எடுத்துக் கடைசி அத்தியாயத்தை இறுக்கிக் கவ்வ வைத்துவிடுவார். மின்விசிறிக் காற்றில்கூட ஒரு வரி கண்ணில் பட்டுவிடக் கூடாது. பிறகு ஒரு நாளோ, இரண்டு நாளோ, கீரை கிள்ளும்போதும் முத்திரை குத்தும்போதும் யோசிப்பார். முதல் பக்கத்திலிருந்து திரும்பப் படிப்பார். சாட்சி சொன்ன சமையல்காரி ஏன் எலுமிச்சம்பழத்தைப் பற்றிச் சொன்னாள்? ஜன்னல் திறந்திருந்ததா, திறக்கப்பட்டதா? ஆளைத் தீர்மானித்த பிறகுதான் கிளிப்பைக் கழற்றுவார். அவர் சொன்ன ஆளே கொலைகாரன் என்றால் முகத்தில் ஒரு சின்னத் திருப்தி, அவ்வளவுதான். தப்பாகப் போய்விட்டால்தான் கொண்டாட்டம். "ஏமாத்திட்டான் பாரு, களவாணி!" என்று, குறும்புக்காரப் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் பீற்றிக்கொள்ளும் தாயைப்போல நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டிருப்பார்.

கெய்ரோவின் இலக்கியக் காப்பிக்கடைகளில் இந்த வரிசையின் பெயரை எடுத்தால், பந்தியில் கைகழுவாமல் உட்கார்ந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். அப்படிப் பார்க்கிறவர்களின் மெத்தைக்கடியில் நஷாத் பாஷா படுத்திருக்கிறார் என்பது அவர்கள் வீட்டில் படுக்கை உறை மாற்றுகிற பெண்களுக்குத் தெரியும்.

இன்ஷிராஹின் அப்பா ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர். மகளுக்குப் பதினான்கு வயதில், ரயிலில் யாரோ விட்டுப்போன ஒரு நஷாத் பாஷாவை அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்தார். கடைசி நான்கு பக்கம் இல்லை. யாரோ வெள்ளரிவிதை மடிக்கக் கிழித்திருக்க வேண்டும். அந்தப் பெண் ஊர் முழுக்க, மாமன் ஊர், அத்தை ஊர் முழுக்கத் தேடி, முழுப்புத்தகம் கையில் கிடைக்கப் பள்ளிக்கூடமே முடிந்துவிட்டது. நடுவில் "நான் சொல்றேன், யாருன்னு" என்று முன்வந்தவர்கள் பலர். காதைப் பொத்திக்கொண்டு ஓடியிருக்கிறார். தன்னுடைய முடிவைத் தானே போய்ச் சேரவேண்டும், யாரும் தூக்கிக்கொண்டுபோய் விடக்கூடாது என்பது அப்போது ஏறிய பிடிவாதம்.

நிச்சயதார்த்தம் நின்றதும் இதில்தான். மாப்பிள்ளை ரவூஃப் மருந்துக்கடை வைத்திருந்தார். கண்ணுக்கு லட்சணமானவர், நல்ல குடும்பம். மோதிரம் மாற்றி, இரண்டு பேரும் கால்வாய் ஓரம் சர்க்கரைக் கொண்டைக்கடலை கொறித்துக்கொண்டு நடந்தபோது, ரவூஃப் இவர் கையிலிருந்த புத்தகத்தை எட்டிப் பார்த்து, "ஓ, இதுவா? தையல்காரன்தானே பண்ணான்" என்றாராம். இன்ஷிராஹ் நின்றார். மோதிரத்தைக் கழற்றிக் கடலைப் பொட்டலத்துக்குள் போட்டு, பொட்டலத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

"ஒரு தையல்காரனுக்காகவாடி?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

"தையல்காரனுக்காக இல்லம்மா. இவன் நாளைக்கு எனக்குப் பொறக்கப்போறது ஆணா பொண்ணான்னும் எனக்கு முன்னாடி சொல்லுவான்."

இப்படி ஐம்பத்தேழு வயதுவரை ஸ்டேஷன் பக்கத்து அப்பா வீட்டில், தன் சாவியில், தன் கிளிப்புகளோடு அவர் பாட்டுக்கு இருந்தார். அப்போதுதான் எங்களுக்குப் புது இயக்குநர் வந்தார்.

உஸ்தாஸ் (படித்தவரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) ஹைத்தம் அல்-கர்ஃப் நல்லவர். இதை நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடும். வெற்றிபெறும் வழிகளை நம்பர் போட்டுச் சொல்லும் புத்தகங்களை மட்டுமே படிப்பவர். வந்த வாரமே வராந்தாவில் டீக்குத் தடை வந்தது. மறுவாரம் அவர் நாற்காலிக்குப் பின் சுவரில் ஒரு பலகை தொங்கியது: 'இங்கே படிக்கத்தக்கது பணி ஆவணம் மட்டுமே.' எங்கள் அலுவலகத்தில் அதுவரை யாரும் பணி ஆவணத்தைப் படித்ததில்லை என்பதால் இது பெரிய குழப்பத்தை உண்டாக்கியது.

ஒரு காலை அவர் இன்ஷிராஹின் மேசைக்குப் பின்னால் வந்து நின்றார். முன்னால் வரிசை கதவுக்கு வெளியே வரை நின்றது.

"அப்லா இன்ஷிராஹ், இது என்ன?"

"கொலை."

"ஆபீஸ் நேரத்துலயா?"

"கொலை நேத்து ராத்திரியே முடிஞ்சுடுச்சு உஸ்தாஸ். இப்ப விசாரணைதான் நடக்குது."

வரிசை சிரித்தது. அதுதான் தப்பாகிவிட்டது. தனியாக இருந்தால் உஸ்தாஸ் ஹைத்தம் பல்லைக் கடித்துக்கொண்டு போயிருப்பார். கையை விட்டு இழுப்பறையிலிருந்து புத்தகத்தை எடுத்துவிட்டார். கடைசிப் பக்கங்களில் கிளிப் கவ்விக்கொண்டிருந்தது.

"இது எதுக்கு?"

"கொலைகாரன் தப்பிச்சுடக் கூடாதுன்னுதான்."

மறுபடி சிரிப்பு. உஸ்தாஸின் காது சிவந்தது. "எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேளுங்க. இனிமே இந்தக் குப்பையை ஆபீஸுக்குள்ள கொண்டுவர மாட்டேன்னு சொல்லுங்க. புத்தகத்தைத் தந்துடறேன்."

இன்ஷிராஹ் எழுந்து வரிசையைப் பார்த்தார். "என் புத்தகத்தால யாருக்காவது ஒரு நிமிஷம் தாமதமாகியிருந்தா முன்னாடி வாங்க. உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கறேன்."

யாரும் வரவில்லை. ஒரு கிழவர் மட்டும் பின்னாலிருந்து, "தாமதமெல்லாம் இல்ல, அந்தப் பஞ்சு வியாபாரி விஷயம் என்னாச்சுன்னு தெரிஞ்சா போதும்" என்றார்.

உஸ்தாஸ் ஹைத்தம் புத்தகத்தை நேராகக் கிடங்குக்கு அனுப்பி, முறைப்படி 'ஒஹ்தா'வில் ஏற்றச் சொல்லிவிட்டார்.

கோபத்தில் ஒருவர் செய்யக்கூடிய எத்தனையோ காரியங்கள் இருக்கின்றன. புத்தகத்தைக் கிழிக்கலாம், ஜன்னல் வழியாக வீசலாம். ஆனால் ஒஹ்தாவில் ஏற்றுவதை எங்கள் நாட்டு அரசு ஊழியர் மட்டும்தான் செய்வார். ஒரு பொருள் ஒருவர் பொறுப்பில் ஏறிவிட்டால் அது அரசாங்கத்துச் சொத்து. ஏற ஒரு கையெழுத்து போதும். இறங்க மூன்று பேர் கொண்ட குழு உட்கார்ந்து பரிசீலிக்க வேண்டும். எங்கள் கிடங்குக்காரர் ஃபவ்ஸியின் ஒஹ்தாவில் மூன்று கால் நாற்காலி ஒன்று இருக்கிறது. நாலாவது காலும் தனியாக ஏறியிருக்கிறது. இரண்டையும் ஒன்றுசேர்க்க அதிகாரமில்லாமல் அவர் முடி கொட்டிவிட்டது.

ஃபவ்ஸி புத்தகத்தை வாங்கிப் பதிந்தார்: ஒரு நாவல், ஒரு கிளிப், மரத்தாலானது.

இரண்டு நாளில் உஸ்தாஸுக்குக் கோபம் தணிந்து, புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. "முடியாதே பாஷா" என்றார் ஃபவ்ஸி பணிவாக. "குழு போடணும்." எங்கள் ஊரில் அதிகாரி என்றால் எல்லாரும் பாஷாதான், மினிபஸ் டிரைவரும் பாஷாதான். எனவே குழு அமைந்தது: தலைவர் உஸ்தாஸ் ஹைத்தம், உறுப்பினர்கள் கிடங்கு ஃபவ்ஸியும் கணக்குப் பிரிவு ஷாஹினாஸும். நாற்காலி என்றால் உட்கார்ந்து பார்த்துப் பரிசீலிக்கலாம். நாவலை எப்படிப் பரிசீலிப்பது? படித்துத்தான்.

முதலில் ஃபவ்ஸி எடுத்துப்போனார். மறுநாள் கிடங்கு திறக்கவில்லை. அடுத்து ஷாஹினாஸ். அவர் வீட்டில் அன்று கோஸ் இலைச் சோறு அடிப்பிடித்தது. கணவர் கேட்டதற்கு, "அரசாங்க வேலை, குறுக்க பேசாதீங்க" என்றாராம். கடைசியாக உஸ்தாஸ் ஹைத்தம். "மேலோட்டமாப் பார்த்தேன்" என்று சொல்லிக்கொண்டார். மேலோட்டமாகப் பார்த்தவர் கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்தது.

இப்போதுதான் இன்ஷிராஹுக்கு உண்மையான ஆபத்து. எங்கள் ஊரில், தனக்குத் தெரிந்ததை அடுத்தவருக்குச் சொல்லாமல் இருப்பது அவமரியாதை. வீட்டுக்கு வந்தவருக்கு டீ கொடுக்காமல் அனுப்புவதுபோல. மூன்று பேருக்குத் தெரிந்துவிட்டது என்றால் முப்பது பேருக்குத் தெரிந்துவிட்டது. மாடிப்படியில், வாசலில், கழிவறை வரிசையில், எல்லாரும் தொண்டையில் ஒரு பெயரை வைத்துக்கொண்டு திண்டாடினார்கள். ஷாஹினாஸ் அவரைப் பார்த்தாலே உதட்டைக் கையால் பொத்திக்கொள்வார்.

"அப்லா, ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன். அந்தச் சமையல்காரி இருக்கால்ல—"

"ஷாஹினாஸ்! உன் லீவு விண்ணப்பம் என் மேசையில இருக்கு. கழுகு அதுமேல உக்காரணுமா, பறந்து போகணுமா?"

ஷாஹினாஸ் வாயை மூடிக்கொண்டார். இன்ஷிராஹ் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வேலை பார்க்க ஆரம்பித்தார். விவசாயிகள் சைகையில் பேசினார்கள். வேலை ஒன்றும் கெடவில்லை. சொல்லப்போனால் வேகமாகவே நடந்தது.

ஸ்டேஷன் கடைக்கார ஷெனூதாவுக்கு விஷயம் எட்டி, மீதியிருந்த ஒரு பிரதியைப் பத்திரிகைகளுக்கடியிலிருந்து எடுத்து நீட்டினார்.

"எடுத்துட்டுப் போம்மா. வீட்ல போய்க் கடைசி அத்தியாயத்தைப் படிச்சு முடிச்சுடு. எதுக்கு இந்தப் பாடு?"

"வேணாம் சித்தப்பா."

"அதே புத்தகம்தானே?"

"அதே புத்தகம்தான். ஆனா என்னுது அவர் அலமாரியில இருக்கு. நான் இதை வாங்கிட்டுப் போயிட்டா, நாளைக்கு இன்னொருத்தி கையில இருந்து இன்னொண்ணைப் பிடுங்குவார். அவளுக்கு என்னை மாதிரி ஸ்டேஷன் பக்கத்துல வீடும் உங்க கடையும் இருக்குமா?"

குழு கூடும் நாள் வந்தது. இயக்குநர் அறையில் பெரிய மேசை, நடுவே புத்தகம், அதைக் கவ்வியபடி கிளிப். உஸ்தாஸ் ஹைத்தம் தன் நாற்காலியை விட்டு எழுந்து, மேசைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். எதிரியின் பக்கத்தில் நின்று பேச வேண்டும் என்று அவர் படிக்கும் புத்தகங்களில் ஏதோ ஒரு நம்பரில் இருக்கிறது. இந்தப் பக்கம் ஃபவ்ஸி, அந்தப் பக்கம் ஷாஹினாஸ். வெக்கைக்காகக் கதவு திறந்திருந்தது. வெளியே உரிமம் புதுப்பிக்கும் கடைசி வாரக் கூட்டம், ஆணும் பெண்ணும் கோழிக்கூடையுமாக. இன்ஷிராஹ் காதிலிருந்த பஞ்சை எடுத்துக் கைப்பையில் போட்டுவிட்டு உள்ளே போனார்.

"இதுல கையெழுத்துப் போடுங்க" என்றார் உஸ்தாஸ், ஒரு தாளைத் தள்ளி. "ரெண்டே வரி. மன்னிப்பு, வாக்குறுதி. புத்தகம் உங்களுது."

"புத்தகம் ஏற்கனவே என்னுதுதான். மன்னிப்புத்தான் உங்களுது. கேட்டுட்டா நானும் போயிடுவேன், ஜனங்க காத்திருக்காங்க."

உஸ்தாஸ் ஹைத்தம் மெல்லச் சிரித்தார். அந்தச் சிரிப்பு நன்றாக இல்லை.

"அப்லா, நானும் இதைப் படிச்சேன். முழுசா. கிளிப்பைக் கழட்டி."

ஷாஹினாஸின் கை தானாக உதட்டுக்குப் போனது.

"கொலை பண்ணது யாருன்னு எனக்குத் தெரியும். நீங்க கையெழுத்துப் போடறீங்களா, நான் பேரைச் சொல்லவா?"

"வேணாம் பாஷா" என்றார் ஃபவ்ஸி, முகம் வெளுத்து. "என் ஒஹ்தாவில நாற்காலி கால் இருக்கு, அதை வேணா எடுத்து என்னை அடிங்க. இது பாவம்."

"மூணு எண்ணுவேன்" என்றார் உஸ்தாஸ்.

இன்ஷிராஹ் தாளைப் பார்க்கவில்லை. உஸ்தாஸையே பார்த்தார். "உங்களால ஒரு புத்தகத்தைப் பிடுங்கத்தான் முடிஞ்சுது. இப்ப அதுக்குள்ள இருக்கறதையும் பிடுங்கப் பாக்கறீங்க. எண்ணுங்க."

"ஒண்ணு... ரெண்டு... மூணு. கொலை பண்ணது—"

இன்ஷிராஹ் தலையைப் பின்னால் சாய்த்து, நாக்கைச் சுழற்றி, ஒரு குலவை போட்டார்.

சாதாரணக் குலவை இல்லை. முறிந்த நிச்சயதார்த்தத்தில் போடாமல் போனது, தங்கை பிள்ளைகளின் கல்யாணங்களில் மற்றவர்களுக்காகப் போட்டுப் பழகியது எல்லாம் சேர்ந்த நீளம். உஸ்தாஸின் வாய் அசைந்தது தெரிந்தது. என்ன சொன்னார் என்று பக்கத்தில் நின்ற ஃபவ்ஸிக்கே கேட்கவில்லை.

ஒரு குலவை விழுந்துவிட்டால் காதில் கேட்ட பெண் பதில் குலவை போட்டாக வேண்டும். யாருக்கு, எதற்கு என்பதெல்லாம் பிறகு. பதில் இல்லாமல் ஒரு குலவை காற்றில் தனியாகத் தொங்குவது அபசகுனம். எனவே ஷாஹினாஸ், தான் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே, வாயில் கைவைத்துப் பதில் போட்டார். தட்டச்சு அறைப் பெண்கள் அங்கிருந்து போட்டார்கள். வெளியே வரிசையில் நின்ற கிராமத்துப் பெண்கள் போட்டதில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, கூடையிலிருந்த கோழிகள் கத்தின. குலவை நிற்கிற ஒவ்வொரு தடவையும் உஸ்தாஸ் வாயைத் திறந்தார். திறக்கிற ஒவ்வொரு தடவையும் இன்ஷிராஹ் அடுத்ததைத் தொடங்கினார்.

கூட்டம் கதவில் முட்டியது. அவர்கள் கண்ட காட்சி இது: ஒரு மேசை, மேசைமேல் ஒரு தாள், ஒரு பேனா, பக்கத்துக்கொரு சாட்சி, நடுவில் ஒரு ஆண், ஒரு பெண். இதைக் கண்டு வேறு முடிவுக்கு வர எங்கள் மாவட்டத்தில் ஆள் கிடையாது.

"ஆயிரம் மப்ரூக்!" என்று வாழ்த்திக் கத்தினார் முதலில் நுழைந்த விவசாயி.

"யாருக்கு?" என்றது பின்வரிசை.

"பாஷாவுக்கும் அப்லாவுக்கும்! கல்யாண ஒப்பந்தம் எழுதறாங்க!"

"அடடா, கடைசியில நம்ம அப்லா சம்மதிச்சுட்டாங்களா!"

"இல்ல! இல்ல!" என்று அலறினார் உஸ்தாஸ் ஹைத்தம். "நான் ஏற்கனவே கல்யாணம் ஆனவன்!"

"அதுக்கென்ன பாஷா, அதெல்லாம் பெரிய மனசு இருக்கறவங்களுக்கு" என்று வேறொரு விவசாயி அவரைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். இன்னொருவர் அவரை விடுவித்துத் தானும் முத்தமிட்டார். எதிர்ப்பக்கத்துச் சாறுக்கடையிலிருந்து யாரோ கல்யாணத்துக்கு ஊற்றும் சிவப்பு ஷர்பத் தட்டோடு வந்துவிட்டார்கள். உஸ்தாஸின் கையில் ஒரு குவளை திணிக்கப்பட்டது. யார் சொன்னார்கள், எந்த போனில் சொன்னார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஷர்பத் பாதி குடிப்பதற்குள் செய்தி அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

இந்த அமளியில் இன்ஷிராஹ் மேசையிலிருந்த புத்தகத்தை எடுத்தார். கிளிப்பைக் கழற்றித் தலைமுக்காட்டின் ஓரத்தில் செருகிக்கொண்டார். அறையில் காலியாக இருந்தது ஒரே நாற்காலி, இயக்குநருடையது. அதில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினார்.

"அப்லா, கிளிப் ஒஹ்தாவில இருக்கு..." என்றார் ஃபவ்ஸி பலவீனமாக. யாரும் கேட்கவில்லை.

மேடம் நெர்மீன் டாக்சியில் வந்து இறங்கியபோது கூட்டம் தானாக வழிவிட்டது. உஸ்தாஸ் ஹைத்தத்தின் மனைவி சின்ன உருவம், குரல் அப்படியில்லை.

"எங்க அவ?"

எல்லா விரல்களும் இயக்குநர் நாற்காலியைக் காட்டின. முக்காட்டில் கிளிப் மாட்டிய ஐம்பத்தேழு வயது அம்மாள் தலை நிமிராமல் பக்கத்தைப் புரட்டினார்.

"நெர்மீன், நான் சொல்றதைக் கேளு" என்றார் உஸ்தாஸ், கன்னம் முழுக்க முத்த ஈரமும் கையில் ஷர்பத்துமாக.

"நீங்க பேசாதீங்க. அவ பேசட்டும். ஏம்மா, நீ யாரு? என் புருஷன் நாற்காலியில உனக்கென்ன வேலை?"

இன்ஷிராஹ் ஒரு கையை உயர்த்தினார். "உக்காருங்க மேடம். பாஷா பேசிட்டிருக்காரு."

"பாஷாவா? இவரு உனக்கு பாஷாவா?"

"இவரில்ல. இவரு என்னிக்கு எதைக் கண்டுபிடிச்சாரு?"

உஸ்தாஸ் மேசையோரம் குனிந்தார். "அப்லா, ஒரு வார்த்தை. ஒண்ணுமில்லைன்னு ஒரே ஒரு வார்த்தை இவங்ககிட்ட சொல்லுங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

"இன்னும் எட்டு பக்கம்" என்றார் இன்ஷிராஹ்.

"நெர்மீன், நடந்தது இதுதான்!" உஸ்தாஸின் குரல் உடைந்தது, அறை, வராந்தா, கோழிகள் எல்லாம் கேட்கச் சொன்னார். "நான் இவங்க புத்தகத்தைப் பிடுங்கினேன். மன்னிப்புக் கேக்கச் சொல்லி மிரட்டினேன். முடிவைச் சொல்லிடுவேன்னு மிரட்டினேன். என் தப்பு. மன்னிச்சுடுங்க அப்லா. எல்லாரும் கேட்டாச்சா? மன்னிச்சுடுங்க!"

மேடம் நெர்மீன் கணவரை மேலும் கீழுமாகப் பார்த்தார். "முடிவைச் சொல்லிடுவேன்னா?" ரெண்டாந்தாரம் என்று கேட்டபோதுகூட அவர் முகத்தில் இவ்வளவு அருவருப்பு வந்திருக்காது என்று ஷாஹினாஸ் இன்றுவரை சத்தியம் செய்கிறார்.

இன்ஷிராஹ் மன்னிப்பை ஏற்றதாகவோ மறுத்ததாகவோ தெரியவில்லை. படித்துக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் "ச்சே" என்றார். ஒரு இடத்தில் தொடையில் தட்டிக்கொண்டார். கடைசிப் பக்கத்தில் அவர் கண் மெல்ல இறங்கி, நின்று, மறுபடி மேலே போய், அதே வரியை இன்னொருமுறை வாசித்தது. பிறகு அவர் சிரித்த சிரிப்பில் வயிறு குலுங்கி, முக்காட்டிலிருந்த கிளிப் கீழே விழுந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடம் நெர்மீன் பக்கம் திரும்பினார். "உங்க வீட்டுக்காரர் நிரபராதி மேடம். கல்யாணமும் பண்ணிக்கல, கொலையும் பண்ணல."

"அப்ப யாரு பண்ணா?" என்றார் வாசலோரம் நின்ற கிழவர், பஞ்சு வியாபாரியின் கதி தெரியாமல் அன்று திரும்பிப்போனவர். "சொல்லிடுங்க அப்லா. எனக்கு எழுத்து தெரியாது. நான் எங்க போய்ப் படிக்க?"

வரிசையில் பலருக்கு எழுத்து தெரியாது. இன்ஷிராஹ் புத்தகத்தை மூடினார். ஒரு பெயரைச் சொன்னால் முடிந்தது. ஷர்பத் தீர்ந்து, எல்லாரும் வீட்டுக்குப் போய்விடலாம்.

"உக்காரு ஹாஜி" என்றார். "எல்லாரும் உக்காருங்க."

புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திருப்பி, வேலை நேரத்தில், இயக்குநர் நாற்காலியில், பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்து உரக்க வாசிக்கத் தொடங்கினார். பஞ்சு வியாபாரி பஞ்சு வாங்கக் கிளம்பினான். காகிதங்கள் மடியிலேயே இருந்தன. ஐந்தாம் பக்கத்தில் அவன் செத்தபோது பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். சமையல்காரி வந்து எலுமிச்சம்பழத்தைப் பற்றிச் சொன்னபோது, கதவில் சாய்ந்து நின்றிருந்த உஸ்தாஸ் ஹைத்தம் தாங்கமுடியாமல் வாயைத் திறந்தார்.

மேடம் நெர்மீன் அவர் காலை ஓங்கி மிதித்தார்.